வடக்கு பாத்த பொங்கப்பானை

கொஞ்சம் அக்கட்டால நகந்து உக்காருங்க தம்பி. இடிக்குதுங்களா? கொழாயி பெருசு, பஸ்ஸு சிறுசு, என்ன பண்றது. கண்டக்டரு இதுக்குந் தனியா லக்கேஜ் போடோணும்ங்கறாரு. சாமி சாமானுங்க இது, இதுக்குப் போயி லக்கேஜ் போடறீங்களேன்னு கேட்டேன், அந்தப் பக்கம் போயிட்டாரு. இதோட வாயை உங்க பக்கமாத் திருப்பி வெச்சுக்கறேன். அப்பத்தான் எனக்கு சன்னல் காத்து வரும்.

ஆமாங்க, கோயில் நோம்பிக்குத்தான், திருவிழாவுக்கு. ரேடியோ செட்டுக் கொழாயி. ஏற்கெனவே ரெண்டு கட்டியிருக்குது, பத்தலைங்க. எங்க ஊட்டுக்கு வடக்கால புதுசு புதுசா வீதி போட்டுட்டாங்க, அங்க வரைக்கும் பாட்டுச் சரியாப் போகறதில்லை. சாமி நோம்பின்னா நாலு சனத்துக்குக் கேக்க வேண்டாங்களா?

இதைத் தூக்கிட்டு வர்றதைப் பாத்தா நான் சத்தத்துல பிரியம் உள்ளவனாட்டத் தெரியுதுங்களா? அதுதான் இல்லைங்க. சத்தம்னா எனக்கு ஆகவே ஆகாது. ஊட்டுல மிக்சி ஓடுனாலே நான் செருப்பைப் போட்டுட்டு வெளிய போயிருவேன். நம்ம பேரு சென்னியப்பனுங்க. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி போடறோம். பகல் பூரா மெசினுச் சத்தம். ஊட்டுக்குப் போனா அமைதியா இருக்கோணும், அவ்வளவுதான் நான் கேக்கறது.

புதுக்காட்டு ஸ்டாப்புல எறங்குனா பொன் நகர். கடைசி வீதி, தெக்குக் கடைசி ஊடு நம்முளுது. அந்த எடம் வாங்கறப்ப எங்கப்பாவைக் கார்ல வெச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனனுங்க. அவருக்குப் பக்கவாதம் வந்து அப்பவே பேச்சு நின்னுபோச்சு. எத்தனையோ எடங் காட்டுனோம், எங்கயும் கார்ல இருந்து எறங்க மாட்டேனுட்டாரு. இங்க வந்ததும் எறங்குனாரு. ஆகாத கையை நல்ல கையில தூக்கி, ரெண்டையுஞ் சேத்து வெச்சுக் கும்பிட்டாரு. எதுக்கால புரோக்கரு நின்னுட்டிருந்தான். பெரியவரு நமக்குப் போயி இப்படிக் கும்பிடறாரேன்னு அவன் வெக்கப்பட்டுப் போயிட்டான். சரி, அப்பாவுக்கு எடம் புடிச்சிருக்குதுன்னு நானும் அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஊடு கட்டி முடியறதுக்குள்ள அவரு காலமாயிட்டாரு.

குடி வந்தப்பறந்தான் தெரிஞ்சுது, எங்க காம்பவுண்டுச் செவுத்துக்குத் தெக்கால ஒரு கோயிலு. கோயிலுன்னா நீங்க கோயிலுன்னு நெனச்சுக்காதீங்க. தகரக்கொட்டாயி. உள்ள ஒரு கல்லுக்குதிரை, ஒரு வேலு, அருவாளு. முன்னால ஒரு போர்டு, கருப்பராயன் துணைன்னு. கருப்பராயன் இல்லாத சந்து இந்தப் பக்கம் ஏதுங்க. நானும் அதைக் கணக்குலயே எடுக்கலை. பின்னாடிச் சந்துல இருக்கற சனத்தோட சாமி. டையிங் பட்டறைக்கும் தறிக்கும் போற சனம். பூசாரி பேரு ராக்கியண்ணன், தள்ளுவண்டி வெச்சு இஸ்திரி போடறவரு.

மாசி மாசம் ஆனாப் போதுங்க. கரண்டுக் கம்பத்துல ரெண்டு கொழாயைக் கட்டி, ரெண்டையும் எங்க படுக்கை ரூமைப் பாத்துத் திருப்பி வெச்சுப்போடுவாங்க. நான் போயிச் சொல்லுவேன், கொஞ்சம் கொறைங்கன்னு. ராக்கியண்ணன் கொறைப்பாரு. நான் ஊட்டுக்குள்ள நொழையறப்ப மறுபடியும் ஏறிக்கும். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தேன். வருசா வருசம் எழுதிக் குடுத்தேன். அங்க இருந்த ஏட்டய்யா, மாசி பொறந்தா என்னைப் பாத்ததுமே பேப்பரும் பேனாவும் எடுத்து வெச்சுருவாரு.

சத்தத்தைக் கூட வுடுங்க. பொங்க வெக்கறதைக் கேளுங்க. ஊரு ஒலகத்துல பானையைக் கெழக்க பாத்து வெப்பாங்களா இல்லையா? பொங்கிக் கெழக்க வழியோணும்பாங்களா இல்லையா? இவுங்க வரிசையா அடுப்புக் கூட்டி, அத்தனை பானையையும் வடக்க சாச்சு வெச்சு, எங்க செவுத்தைப் பாத்துப் பொங்க வுடறாங்க. பொகை பூரா எங்க சமையக்கட்டுக்குள்ள. வேணும்னுதான் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அதையுஞ் சேத்துத்தான் எழுதிக் குடுத்தேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க?

எங்க ஊட்டம்மா தெய்வானையும் இப்படித்தான். 'நம்ம ஊட்டுலயுந்தானே தைப்பொங்கலுக்கு வடக்க பாத்து வெக்கறோம்'பா. அது வேறங்க. அது எங்க அப்பாரு காலத்துல இருந்து வர்ற வழக்கம். கல்யாணமான புதுசுல இவ கெழக்க பாத்து வெச்சா, எங்கம்மா வந்து பானையைத் திருப்பி வெச்சாங்க. ஏனுங்கத்தைன்னு கேட்டா, 'நம்முளுது அப்படித்தான்'னாங்க. காரணம் எங்கம்மாவுக்கே தெரியாது. வழக்கம்னா அது வழக்கம். இவுங்க பண்றது வம்பு. ரெண்டும் ஒண்ணாகுங்களா?

சரி, கதைக்கு வர்றேன். நீங்க எறங்கறதுக்கு நேரமாகுங்களா? பரவால்லை, இன்னும் நேரம் இருக்குது.

எம் பொண்ணு தாரணிக்கு மாப்பிள்ளை பாத்தோம். பையனை அவளே பாத்து வெச்சுக்கிட்டா, நாங்களும் பாத்தோம்னு வெச்சுக்கங்க. நல்ல குடும்பம், திருச்செங்கோட்டுப் பக்கம். சம்மந்தி அர்த்தநாரி ரிக் வண்டி வெச்சிருக்கறாரு, போர் போடறாரு. நல்ல மனுசன். ஆனா சாமி விசயத்துல மட்டும் கறாரு. நம்ம ஊட்டுக்கு வந்து, பலகாரஞ் சாப்பிட்டுக் கையைத் தொடைச்சுட்டுக் கேக்கறாரு.

"மொதப் பத்திரிகையை ரெண்டு பக்கத்துக் குலதெய்வத்துக்கும் வெச்சுப்போட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுக்கறது. எங்க ஊட்டுல அதை மாத்த முடியாதுங்க. உங்க கோயிலு எங்கீங்?"

 எங்க கோயிலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. அப்பா நாகலாத்துப் பக்கம் ஊஞ்சக்கரைன்னு ஒரு ஊரைச் சொல்லுவாரு. அங்கதான் நம்ம கருப்பராயன் இருக்கறாருன்னு சொல்லுவாரு. சின்ன வயசுல மில்லு வேலைக்கு வந்தவரு, திரும்பிப் போகவே இல்லை. குதிரை, ஆறுன்னு என்னென்னமோ சொல்லுவாரு, நான் காதுல வாங்குனதில்லை. கேக்கலாம்னு எனக்குத் தோணுனப்ப அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ங்கறீங்களா? எப்படிங்க சொல்றது? இந்த அர்த்தநாரி, மூத்த பையனுக்குப் பேசி முடிச்ச எடத்தை, பொண்ணு ஊட்டுல குலதெய்வம் தெரியலைங்கற ஒரே காரணத்துக்கு வேண்டாம்னுட்டு வந்தவரு. தாரணி அந்தாண்ட நின்னு என்னையே பாக்கறா. அவ மூஞ்சியைப் பாத்தப்பறம் தெரியாதுன்னு வாயில வருங்களா?

"ஊஞ்சக்கரைங்க. கருப்பராயன். பெரிய கோயிலு"ன்னுட்டேன்.

"கோபுரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியும்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ரெண்டு குடும்பமும் ஒரே வண்டில போயி வெச்சுப்போட்டு வந்துரலாம்"னு சொல்லிட்டு எந்திருச்சுப் போயிட்டாரு.

தேடாத எடமில்லைங்க. சொந்தத்துல வயசானவங்களைக் கேட்டா, ஒருத்தரு மேக்கங்கறாரு, ஒருத்தரு தெக்கங்கறாரு. ஒருத்தரு அப்படி ஒரு ஊரே இல்லை, உங்கப்பன் கனாக் கண்டிருப்பாங்கறாரு. போன்ல மேப்பைத் தட்டுனா, ஊஞ்சக்கரைன்னு போட்டதுக்கு ஒரு ஊஞ்சல் கடையைக் காட்டுது. தாரணி சோறு தண்ணி எறங்காம இருந்தா. சம்மந்தி போன் பண்ணுவாரு, "எப்பப் போலாம் சம்மந்தி?" நான், "மழை வுடட்டுங்க"ன்னுவேன். அது வெயில் காலம்.

அப்பறம் ஒரு நாளு தாரணி ஆபீசுல இருந்து ஒரு பெரிய காயிதத்தைச் சுருட்டி எடுத்துட்டு வந்தா. அவ காத்தாடிக் கம்பெனில வேலை. கரண்டு எடுக்கற காத்தாடி. எந்த மேட்டுல நட்டா நல்லாச் சுத்தும்னு மேப்புல பாத்துச் சொல்றது அவ வேலை. மொட்டை மாடில நின்னாலே தெரியுமே காத்து எங்க அடிக்குதுன்னு, இதுக்குப் போயிக் காலேஜான்னு நான் கேப்பேன். அவ காதுல வாங்க மாட்டா. யாராட்டம்னு தெரியலைங்க.

"அப்பா, இது டோப்போ சீட்டு. நாகலாத்து அணை கட்டறதுக்கு முந்தி சர்வே பண்ணுனது. பழைய சீட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கறாங்க, பிரிண்டு போட்டுட்டு வந்தேன்"னு கட்டில்ல விரிச்சா.

நான் கண்ணாடியைப் போட்டுட்டுக் குனிஞ்சேன். மேப்பு பூரா செம்மண் கலர்ல சுத்திச் சுத்திக் கோடு. "அந்தக் காலத்துலயே எத்தனை ரோடு போட்டிருக்கறான் பாத்தியா"ன்னேன்.

"அது ரோடில்லைங்ப்பா. மேடு. கோடு நெருக்கமா இருந்தாச் செங்குத்தா இருக்குதுன்னு அர்த்தம். தள்ளித் தள்ளி இருந்தாச் சமதளம்."

எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுதான்னு சோதிச்சுப் பாத்தனுங்க.

மெல்ல மெல்ல வெளங்குச்சு தம்பி. நீலப் பொட்டெல்லாம் கெணறு. செகப்புக் கட்டமெல்லாம் ஊடு. ரெட்டைப் புள்ளிக்கோடு வண்டித்தடம், நம்ம பேச்சுல இட்டேரி, ரெண்டு பக்கம் வேலி போட்டு நடுவுல போகுமில்லைங்க, அது. பனைமரத்தைப் பனைமரமாட்டவே போட்டிருக்கறான். மலைக்கு மேல அது எத்தனை அடி ஒசரம்னு எழுதியிருக்கறான். எவனோ ஒருத்தன் வெயில்ல நடந்து, ஒவ்வொரு மரத்தையும் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கறான். இப்ப நம்ம வீதியில எத்தனை மரம் இருக்குதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆத்தோரமா வெரலை ஓட்டிட்டே போனவ ஒரு எடத்துல நிறுத்துனா. இங்கிலீசுல பொடி எழுத்து. ஊஞ்சக்கரை.

 இல்லாத ஊருன்னு சொன்னாங்களே, இருக்குது. எங்கப்பா கனாக் காணலை. செகப்புக் கட்டத்துல ஏதோ ஒண்ணு எங்கப்பா பொறந்த ஊடு. கண்டுபுடிச்சது நாந்தான். அவ வெரலை வெச்சா, அவ்வளவுதான். படிச்சுப் பாத்தது நானு.

"கோயில் அடையாளம் போட்டிருக்கு பாருங்ப்பா. ஊருக்கு வடக்கால. கோயிலுக்கு நேரா வடக்க ஆறு. கோயிலுக்குப் பக்கத்துல மூணு பனை"ன்னா. அப்பறம் கம்ப்யூட்டரைத் தொறந்து, இன்னைக்கு இருக்கற மேப்பை அதே எடத்துல வெச்சுக் காட்டுனா. ஊரு இருந்த எடம் பூரா நீலம்.

"என்ன கண்ணு இது?"

"தண்ணிங்ப்பா. ஊரு அணைக்குள்ள போயிருச்சு."

"மேப்பு தப்பு"ன்னேன். தெய்வானை அந்தப் பக்கம் திரும்பி முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சா.

தாரணிதான் தைரியஞ் சொன்னா. கோடையில அணைத்தண்ணி வத்தும், கோயிலு மேட்டுல இருக்கறதால வெளிய தெரியறதுக்கு வாய்ப்பு இருக்குதுன்னா. மேப்புல கோடு எண்ணிப் பாத்துச் சொன்னா. பங்குனி மாசம், நல்ல நாளு பாத்து வேன் புடிச்சோம். சம்மந்தி, சம்மந்தியம்மா, மாப்பிள்ளை, நாங்க மூணு பேரு. சம்மந்தியம்மா பெரிய மாலை, தேங்காப்பழத் தட்டு, பத்திரிகைக் கட்டெல்லாம் மடில வெச்சுட்டு வர்றாங்க. நான் முன்சீட்டுல மேப்பை விரிச்சு வெச்சுட்டு டிரைவருக்கு வழி சொல்லிட்டே வந்தேன். பின்னால இருந்து தாரணி மெதுவா, "அப்பா, தலைகீழா வெச்சிருக்கறீங்க"ன்னா. எனக்கு எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்னு திருப்பி வெச்சேன்.

அணை ஓரமாப் போயி எறங்குனா, எங்க பாத்தாலும் வெடிச்ச சேறு. நடுவுல கொஞ்சம் தண்ணி. அர்த்தநாரி இடுப்புல கையை வெச்சுட்டு நாலாபக்கமும் பாக்கறாரு.

"கோபுரம் எங்கீங் சம்மந்தி?"

"முன்னால போகப் போகத் தெரியுங்க."

தாரணி மேப்பைத் தரையில விரிச்சு, நாலு மூலைக்கும் நாலு செருப்பை வெச்சா. எதுக்கால சின்ன மலையாட்ட இருந்த கரட்டைக் காட்டி, "ஒசரம் போட்டிருக்கறது இந்தக் கரடு. இதுக்கு நேரா அந்த மொட்டைப் பாறை. ரெண்டுக்கும் நடுவுல நாம நிக்கறோம். இட்டேரி இங்கதான் இருக்கோணும்"னு காலடியில காட்டுனா. குனிஞ்சு பாத்தா, சேத்துக்குள்ள ரெண்டு வரிசை கல்லு, நடுவுல வண்டிச்சக்கரத் தடம் பாறையில தேஞ்சு கெடக்குது. அத்தனை வருசந் தண்ணிக்குள்ள கெடந்தும் அழியலைங்க. மேப்புல எப்படித் திரும்புதோ அப்படியே திரும்புது. அர்த்தநாரி செருப்பைக் கழட்டிக் கைல எடுத்துக்கிட்டாரு. நாங்களும் கழட்டுனோம். எங்கப்பா ஓடி வெளையாண்ட தடம் தம்பி அது. நான் அதுல நடக்கறேன். எனக்கு வேற ஒண்ணுந் தோணலை, சும்மா நடந்துட்டே இருக்கலாமாட்ட இருந்துது.

போயி நின்னா, மூணு பனைமரத்து மொட்டை. கருங்கல்லுல ஒரு மேடை. மேடை மேல ஒண்ணுமே இல்லை. வேலு குத்தி வெச்சிருந்த குழி மட்டும்.

சம்மந்தியம்மா தட்டைக் கைல வெச்சுட்டு நிக்கறாங்க. எங்க வெக்கறதுன்னு தெரியலை.

"கோபுரம்?"னாரு அர்த்தநாரி.

"தண்ணில கரைஞ்சிருக்குமுங்க."

"கல்லு கரையுங்களா?"

தாரணி கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்பப் பாத்து, தண்ணியோரத்துல பரிசலைக் கவுத்துப் போட்டுத் தார் பூசிட்டிருந்த ஒரு பெரியவரு எங்களைப் பாத்துட்டு வந்தாரு. யாருங்க, என்னங்கன்னு கேட்டாரு. நான் எல்லாஞ் சொன்னேன்.

"சாமி இங்க எங்கீங்க இருக்குது? தண்ணி ஏற ஏற ஊரைக் காலி பண்ணிச் சனமெல்லாம் தெசைக்கொண்ணாப் போயிருச்சு. கடைசியா ஒரு கூட்டம் சாமியையும் குதிரைக்கல்லையும் மாட்டு வண்டில ஏத்தித் திருப்பூருப் பக்கம் கொண்டு போயிட்டாங்க. வருசா வருசம் நோம்பிக்கு முந்தி இங்க வந்து ஒரு கொடம் ஆத்துத்தண்ணி மோந்துட்டுப் போவாங்க."

"திருப்பூர்ல எங்கீங்க?"

"புதுக்காடோ என்னமோ சொன்னாங்க. தகரக்கொட்டாயில வெச்சிருக்கறாங்களாமா. எங்க போனாலும் அவுங்க வழக்கத்தை வுடலைங்க. இங்க சாமிக்கு நேரா வடக்க ஆறு ஓடுச்சு பாருங்க, அதனால ஆத்தைப் பாத்துத்தான் பொங்க வெப்பாங்க. பொங்கி ஆத்துப் பக்கம் வழியோணும். இப்ப ஆறு இல்லாத ஊருல இருந்துட்டும் வடக்க பாத்துத்தான் வெக்கறாங்களாமா. அதுக்கு அங்க எவனோ ஒருத்தன் போலீசுல எழுதிக் குடுக்கறானாமா. ஒலகத்துல எப்பேர்ப்பட்ட ஆளெல்லாம் இருக்கறான் பாருங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தெய்வானை பாத்தா, தாரணி பாத்தா. மாப்பிள்ளை மேப்பைப் பாத்தாரு, நல்ல பையன். எனக்கு அப்பவும் ஒண்ணும் வெளங்கலைங்க. புதுக்காட்டுல நமக்குத் தெரியாம எந்தத் தகரக்கொட்டாயின்னு யோசிச்சுட்டு நிக்கறேன்.

அர்த்தநாரிதான் கேட்டாரு. "சம்மந்தி, உங்க ஊட்டுக்குப் பின்னால ஒரு கொட்டாயி பாத்தேனே. குதிரை வெச்சு."

வேன்ல திரும்புனோம். டிரைவரு பாட்டுப் போட்டான், அதை நிறுத்தச் சொல்லிட்டேன்.

பொழுதோட வந்து சேந்தோம். மாலை வாடறதுக்குள்ள வெச்சிரோணும்னு சம்மந்தியம்மா நேரா அங்கயே போலாம்னுட்டாங்க. என் ஊட்டைத் தாண்டி, பின்னாடிச் சந்துல நொழைஞ்சு, மொத மொதலா அந்தக் கொட்டாயி முன்னால செருப்பைக் கழட்டுனேன். இத்தனை வருசமாச் சண்டைக்குப் போனப்பெல்லாம் செருப்போடதான் நின்னு பேசியிருக்கறேன். ராக்கியண்ணன் இஸ்திரிப் பெட்டியை வெச்சுப்போட்டு வந்தாரு. என்னைப் பாத்ததும், "சத்தம் ஒண்ணும் இல்லீங்களே. நோம்பிதான் போன மாசமே முடிஞ்சுதே"ன்னாரு.

"அதில்லைங்க. பத்திரிகை வெக்க வந்தேன்."

"யாருக்கு?"

"நம்ம சாமிக்குங்க. நாங்க ஊஞ்சக்கரை."

அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு. அப்பறம் கதவுக்குக் குறுக்க வந்து நின்னுக்கிட்டாரு. "ஊஞ்சக்கரைன்னு யாரு வேண்ணாலும் சொல்லலாமுங்க. எங்க சாமியை நாங்க வண்டி கட்டிக் கொண்டாந்தது. ஊரு பேரு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பங்காளி ஆக முடியாது."

அர்த்தநாரி மாலையை வாங்கிக் கீழ வெச்சுட்டாரு.  நான் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்த காயிதமெல்லாம் அவரு கண்ணு முன்னால போறது எனக்குத் தெரியுது.

தெய்வானைதான் முன்னால வந்தா. "அண்ணா, எங்க ஊட்டுலயும் பொங்கப்பானை வடக்க பாத்துத்தானுங்க. எங்கத்தை சொல்லிக் குடுத்தது. ஏன்னு இன்னைக்குத்தானுங்க தெரியும்."

தாரணி மேப்பை எடுத்து அவரு இஸ்திரி வண்டி மேல விரிச்சா. ஆறு, கோயிலு, பனை. ராக்கியண்ணன் குனிஞ்சு பாத்தாரு. இங்கிலீசு படிக்கத் தெரியாது, ஆனா ஆத்தைப் பாத்ததுமே புடிச்சுக்கிட்டாரு. "எங்கய்யன் சொன்ன வளைவு"ன்னாரு. அப்பறம் தலை நிமிராம, "உங்கய்யன் பேரு என்னங்க?"

"மாரியண்ணனுங்க. சின்ன வயசுல மில்லுக்கு வந்துட்டாரு."

"கை வராத பெரியவருங்களா? எடம் பாக்க வந்தப்ப இங்க நின்னு கும்பிட்டாரே, அவருங்களா? குதிரையைப் பாத்து அழுதாருங்க. யாருன்னு கேக்கப் போனேன். நீங்க கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டீங்க."

அப்பத்தான் தம்பி எனக்கு அழுகை வந்துருச்சு. புரோக்கரைக் கும்பிட்டாருன்னு நெனச்சனே. எங்கப்பா அவரு சாமியைப் பாத்துட்டுத்தான் போயிருக்கறாரு. பேச்சு இருந்தாச் சொல்லியிருப்பாரு. இல்லாத பேச்சுக்குத்தான் ஆகாத கையைத் தூக்கியிருக்கறாரு.

ராக்கியண்ணன் கதவைத் தொறந்து வுட்டாரு. "உள்ள வாங்க பங்காளி"ன்னாரு. அவ்வளவுதான். பத்திரிகை சாமி காலடிக்குப் போயிருச்சு, மாலை குதிரை கழுத்துக்குப் போயிருச்சு. அர்த்தநாரி விபூதி பூசிட்டு வெளிய வந்து, சுத்தி முத்தியும் பாத்துட்டு, "எல்லாஞ் செரிங்க சம்மந்தி, கோபுரம்?"னாரு. தாரணி கரண்டுக் கம்பத்தைக் காட்டுனா. நோம்பி முடிஞ்சும் கழட்டாம வுட்டிருந்த ரெண்டு கொழாயி மேல இருந்துது. "தூரத்துல இருந்து பாத்தாலே தெரியும்னு அப்பா சொன்னாருங்களே, அதுதானுங்க மாமா." அந்த மனுசன் சிரிச்ச சிரிப்புல சாமிக்கே சந்தோசமா இருந்திருக்கும்.

கல்யாணம் நல்லா நடந்துது. மொதப் பந்தியில ராக்கியண்ணன்தான். ஆனா ஒண்ணு தம்பி, எனக்கு அவரு மேல ஒரு வருத்தம் உண்டு. அத்தனை வருசம் பக்கத்துலயே இருந்தோம். ஒரு வார்த்தை, நாங்க ஊஞ்சக்கரைன்னு சொல்லியிருக்கலாமில்லைங்களா? கேட்டா, "நீங்க ஒரு வார்த்தை எந்தூரு சாமின்னு கேட்டிருக்கலாமே"ங்கறாரு. பேச்சைப் பாருங்க.

அந்த மேப்பை லேமினேசன் பண்ணிக் கொட்டாயிலயே மாட்டி வெச்சிருக்குது. ஞாயித்துக்கெழமையானா வயசானவங்கெல்லாம் கூடிருவாங்க. "எங்கூடு இது", "இல்லை, அது என் மாமனூடு, உன்னுது கெணத்துக்கு அந்தாண்ட"ன்னு செகப்புக் கட்டத்துக்கு இன்னைக்கும் சண்டை. ஊரே இல்லை, எல்லைத் தகராறு மட்டும் அப்படியே இருக்குது. தாரணி லீவுல வந்தா வேற வேற ஊருச் சனமும் தேடிட்டு வருது, எங்க ஊரையும் பாத்துச் சொல்லு கண்ணுன்னு. நாந்தான் கூட உக்காந்து வெளக்கஞ் சொல்றது. அவ சின்னப் பொண்ணு, பாவம்.

இந்த வருசம் கமிட்டில என்னையும் போட்டிருக்கறாங்க. மொத அடுப்பு எங்களுது. எங்க செவுத்தையே இடிச்சுப்போட்டேன் தம்பி, வடக்கால பானை வெக்கறதுக்கு எடம் பத்தலைன்னு. பொகை வருதுதான். அது சாமி பொகை, கண்ணு எரியறதில்லை. ரேடியோ செட்டு எம் பொறுப்பு. அதுக்குத்தான் இந்தக் கொழாயி. ஆனா பாருங்க, வடக்கு வீதியில பச்சைக் கேட்டுப் போட்ட ஊடு, எவனோ புதுசாக் குடி வந்திருக்கறானாமா, சத்தமா இருக்குதுன்னு அதுக்குள்ள ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டானாமா. ஏட்டய்யா எனக்குப் போன் பண்ணிச் சிரிக்கறாரு. என்ன மனுசனுங்க இவனெல்லாம்? சாமி சத்தம் கேக்காத காது என்ன காது?

இதா, புதுக்காடு வந்துருச்சு. நான் எறங்கோணும். கொஞ்சம் இந்தக் கொழாயைப் புடிங்க தம்பி. என்ன, நீங்களும் இங்கதான் எறங்கறீங்களா? எந்த வீதிங்க?

வடக்கு வீதிங்களா. கேட்டு என்ன கலருங்க?

அட, எதுக்குங்க மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலையே. கொழாயை வுட்டுறாதீங்க, பாத்துப் புடிங்க. ஒண்ணே ஒண்ணு மட்டுங் கேக்கறேன். உங்க சொந்த ஊரு எதுங்க? குலதெய்வம் எந்தப் பக்கம்?

தெரியாதுங்களா?

அப்ப வாங்க, மொதல்ல கொட்டாயிக்குப் போலாம். அடுத்த காயிதம் எழுதறதுக்கு முந்தி ஒருக்கா மேப்பைப் பாத்துருங்க தம்பி.